பக்கத்து வீட்டுக்கு ட்ரில்லிங் மெஷினை வாடகைக்கு விடலாமா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!



"வீட்டுல சும்மா கிடக்கிற பொருளை வாடகைக்கு விடுங்க, மாசம் 5,000 ரூபாய் சம்பாதிங்க." இந்த மாதிரி ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். ட்ரில்லிங் மெஷின், ஏணி, வாக்யூம் கிளீனர், பிரஷர் வாஷர், புரொஜெக்டர்னு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஆப்லயோ அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்லயோ போட்டா போதும், பணம் வர ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்க. நம்ம சேனல்லயும் இதைப் பத்தி ஒரு வீடியோ போடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. கணக்கை எழுத்துல பார்த்தாதான் தெளிவா இருக்கும்னு இங்கே எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பக்கத்து வீட்டுக்கு ஒத்தை ஒத்தைப் பொருளா வாடகைக்கு விடாதீங்க. கொடுக்கணும்னா சும்மா கொடுங்க. இல்லைன்னா பத்து வீடு சேர்ந்து பொதுவில வாங்கி வைங்க. இந்த ரெண்டுலயும் வர்ற லாபம், வாடகையில வர்றதை விட அதிகம். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல வருமானக் கணக்கு

ஒரு ட்ரில்லிங் மெஷின் 3,000 ரூபாய்னு வச்சுக்கங்க. ஒரு நாள் வாடகை 100 ரூபாய். மாசத்துக்கு ரெண்டு தடவை போகுதுன்னு தாராளமாவே கணக்குப் போடுவோம்.

- வருஷ வாடகை: 24 × 100 = 2,400 ரூபாய்
- ட்ரில் பிட், கார்பன் பிரஷ் செலவு: 600 ரூபாய்
- கூடுதல் தேய்மானம்: 700 ரூபாய்
- மிச்சம்: 1,100 ரூபாய்

தேய்மானம் 700 எப்படி வந்துச்சு? நீங்க மட்டும் உபயோகிச்சா அந்த மெஷின் பத்து வருஷம் வரும், வருஷத்துக்கு 300 ரூபாய். நாலு பேர் கை பட்டா மூணு வருஷம் தாங்கினா பெரிய விஷயம், வருஷத்துக்கு 1,000 ரூபாய். வித்தியாசம் 700. இந்தச் செலவு உடனே கையில இருந்து போகாது. அதனாலதான் யாரும் இதைக் கணக்குல எடுக்கிறதில்லை. மூணாவது வருஷம் புது மெஷின் வாங்கும்போதுதான் தெரியும்.

இப்போ உங்க நேரம். மெசேஜுக்குப் பதில் சொல்றது, பரண்ல இருந்து எடுக்கிறது, ஓட்டிக் காட்டிக் கொடுக்கிறது, திரும்பி வந்ததும் சரி பார்க்கிறது, "அண்ணா, நாளைக்குத் தரட்டுமா?"ங்கிற ஃபோன். எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு அரை மணி நேரம். வருஷத்துக்கு 12 மணி நேரம். 1,100-ஐ 12-ஆல் வகுத்தா மணிக்கு சுமார் 92 ரூபாய்.

இது ஆப் இல்லாம, நேரடியா வாட்ஸ்அப்ல விட்டா. ஆப் 20% கமிஷன் எடுத்தா அதுல 480 ரூபாய் போயிடும். மிச்சம் 620. மணிக்கு 52 ரூபாய் கூட வரலை. அந்த வருஷத்துல ஒரே ஒரு தடவை மோட்டார் கருகி காயில் கட்ட வேண்டி வந்தா, மொத்த லாபமும் ரிப்பேர் கடைக்குத்தான்.

மாசம் 5,000 எங்கே, மாசம் 92 எங்கே!

அந்தப் பிரபலமான ட்ரில் கதை

இந்த ஐடியா எங்கே இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. 2010-ல சிட்னியில நடந்த டெட்எக்ஸ் மேடையில ரேச்சல் பாட்ஸ்மன் ஒரு பேச்சு பேசினாங்க. ஒரு ட்ரில்லிங் மெஷின் அதோட மொத்த ஆயுள்ல 12, 13 நிமிஷம்தான் ஓடுது, நமக்கு வேண்டியது ஓட்டைதானே, மெஷின் எதுக்கு, ஆளுக்கு ஒண்ணு வாங்கறதுக்குப் பதிலா வாடகைக்கு எடுத்துக்கலாமேன்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கெல்லாம் பளிச்சுன்னு பட்டுச்சு. ஷேரிங் எகானமின்னு எங்கே பேசினாலும் அந்த ட்ரில் உதாரணம் வராம இருக்காது.

நடந்தது என்ன? வீட்டு அறையை வாடகைக்கு விட வச்ச ஏர்பிஎன்பி உலகம் முழுக்க வளர்ந்துச்சு. அக்கம்பக்கத்துல பொருளை வாடகைக்கு விட வைக்கிறதுக்காகவே அமெரிக்காவில ஆரம்பிச்ச ஸ்னாப்குட்ஸ் மூடப்பட்டுச்சு. காரணம் சிம்பிள். ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய் கிடைச்சா, சாவி கொடுக்கிற அலைச்சலுக்கு அது கட்டுப்படியாகும். 100 ரூபாய் ட்ரில்லுக்கு அதே அளவு அலைச்சல்னா, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

அதே சமயம் கலிபோர்னியாவில பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-ல இருந்து கருவிகளைப் புத்தகம் மாதிரியே இரவல் கொடுத்துக்கிட்டு இருக்கு. அங்கே மெஷினுக்குச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது, நூலகம்! அந்த ஐடியா நாற்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்சிருக்கு. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, கடைசியில இதுக்குத்தான் வரப்போறேன்.

நம்ம ஊர்ல இன்னொரு விஷயமும் இருக்கு. நமக்கு ஓட்டை வேணும்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். அவர் மெஷினோட வந்து, நாலு ஓட்டை போட்டு, ஸ்க்ரூவும் முடுக்கி, கூலி வாங்கிட்டுப் போயிடுவார். தானே ஏணியில ஏறி ஓட்டை போடற பழக்கம் நம்மகிட்ட குறைவு. அதனால மாசத்துக்கு ரெண்டு வாடகைன்னு நான் மேல போட்ட கணக்கே கொஞ்சம் அதிகம்தான்.

காசு வாங்கின நிமிஷமே சட்டம் மாறுது

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. ஆனா 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் நாங்க பரீட்சைக்குப் படிச்ச பாடம். இரவல், வாடகை, அடகு எல்லாத்துக்கும் பொருந்துற மாதிரி அதுல ஒரு தனி அத்தியாயமே இருக்கு. ரீல்ஸ்ல யாரும் அதைச் சொல்றதில்லை.

பிரிவு 150 என்ன சொல்லுதுன்னா: நீங்க ஒரு பொருளைச் சும்மா இரவல் கொடுத்தா, உங்களுக்குத் தெரிஞ்ச குறையை மட்டும் சொல்லிக் கொடுக்கணும். வயர் கொஞ்சம் பிஞ்சிருக்குன்னு தெரிஞ்சே சொல்லாம கொடுத்தா, அதனால வர்ற நஷ்டத்துக்கு நீங்க பொறுப்பு. அதே பொருளை வாடகைக்கு விட்டீங்கன்னா, அந்தக் குறை உங்களுக்குத் தெரியாம இருந்தாலும் நீங்கதான் பொறுப்பு.

100 ரூபாய்க்காக நீங்க எடுத்துக்கிற ரிஸ்க் எவ்வளவு பெரிசுன்னு புரியுதா? மெஷினுக்குள்ள இன்சுலேஷன் போயிருக்கு, உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பாத்ரூம்ல ஈரக் கையோட அதைப் பிடிக்கிறார். ஏணியோட ஒரு ரிவெட் லூஸா இருக்கு, உங்களுக்குத் தெரியாது. கீழ் வீட்டுப் பெரியவர் அதுல ஏறி ஃபேன் துடைக்கிறார். மேல சொல்ல எனக்கு மனசு வரலை. சும்மா கொடுத்திருந்தா "எனக்குத் தெரியாது சார்"னு சொல்ல சட்டத்துல இடம் இருக்கு. காசு வாங்கிட்டா அந்த இடம் போச்சு.

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. பிரிவு 151, 152 படி, சாதாரண விவேகம் உள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்குவாரோ அந்த அளவுக்கு வாங்கிட்டுப் போனவர் ஜாக்கிரதையா வச்சிருந்தா, பொருள் கெட்டுப்போனதுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். தனியா ஒப்பந்தம் போட்டிருந்தா மட்டும்தான் கேட்கலாம். அவர் அப்படி ஜாக்கிரதையா வச்சிருந்தா, "உங்க கையில இருக்கும்போதுதானே போச்சு"ங்கிற வாதம் மட்டும் போதாது.

வாரன்ட்டி கார்டையும் ஒரு தடவை எடுத்துப் படிங்க. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் வாரன்ட்டி, வணிக உபயோகத்துக்குச் செல்லாதுன்னு பல கார்டுகள்ல ஒரு வரி இருக்கும். வாடகைக்கு விட்டது சர்வீஸ் சென்டருக்குத் தெரிஞ்சா, ரிப்பேர் செலவு உங்க தலையில.

வரி விஷயம்: ரொம்பப் பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

"யுபிஐ-ல வாங்கினா வரி, கேஷா வாங்கினா வரி இல்லை"ன்னு நிறைய பேர் நம்புறாங்க. தப்பு. பணம் எந்த வழியில வந்தாலும் அது வருமானம்தான்.

- தொழிலா பண்ணாம, எப்பவாவது வாடகைக்கு விட்டா அது "இதர வருமானம்"ங்கிற தலைப்புல வரும்.
- அதுல இருந்து ரிப்பேர் செலவு, அந்தப் பொருளுக்கான இன்சூரன்ஸ், தேய்மானம் எல்லாம் கழிச்சுக்கலாம். சாதாரண மெஷினுக்குத் தேய்மானம் 15%, ஒவ்வொரு வருஷமும் மிச்சம் இருக்கிற மதிப்பு மேல. உங்க சொந்த உபயோகத்துக்குப் போன பங்கைக் கழிக்க முடியாது.
- திருப்பித் தர வேண்டிய டெபாசிட் வருமானம் ஆகாது.
- தமிழ்நாட்டுல சேவைகளுக்கு வருஷம் 20 லட்சம் ரூபாய் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஒரு ட்ரில்லுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

2025-26 நிதியாண்டுல இருந்து புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் ரிபேட் இருக்கிறதால, பலருக்கு இந்த வருமானத்துக்கு வரியே வராது. ஆனா 30% ஸ்லாப்புல இருக்கிறவங்களுக்கு, செஸ் சேர்த்தா, கையில வர்ற ஒவ்வொரு 100 ரூபாய்லயும் 31.20 போயிடும். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழே தேவைப்படும்.

அப்போ பாத்திர வாடகைக் கடைக்காரர் மட்டும் எப்படிச் சம்பாதிக்கிறார்?

நல்ல கேள்வி. வாடகைங்கிறது நமக்குப் புதுசு இல்லை. சேர், டேபிள், சாமியானா, அண்டா, இட்லிக் கொப்பரை, சீரியல் லைட்டுன்னு எல்லா ஊர்லயும் கடை இருக்கு. அந்தத் தொழில் நிக்கிறதுக்கு மூணு காரணம்.

ஒண்ணு, அவர்கிட்ட ஒரு சேர் இல்லை, 500 சேர் இருக்கு. ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே நோட்டு. அலைச்சல் 500 சேருக்கும் பிரிஞ்சுடுது. ரெண்டு, முகூர்த்த நாள்ல கட்டாயம் தேவை இருக்கும்னு அவருக்குத் தெரியும். மூணாவதுதான் முக்கியம். அவர் ஸ்பூனைக் கூட எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குவார். ஒரு ஸ்பூன் குறைஞ்சா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவார். அதுக்காக நாம அவர்மேல கோவப்பட மாட்டோம், அது அவர் தொழில்.

அதையே நீங்க எதிர் வீட்டு அக்காகிட்ட பண்ண முடியுமா? "மிக்ஸி ஜார்ல கீறல் விழுந்திருக்கு, 200 பிடிச்சுக்கிட்டேன்"னு சொல்லிட்டு, மறுநாள் லிஃப்ட்ல சிரிச்சுப் பேச முடியுமா? கடன் அன்பை முறிக்கும்னு மளிகைக் கடையில போர்டு மாட்டியிருப்பாங்க. என்னைக் கேட்டா, பக்கத்து வீட்டு வாடகை அதை விடச் சீக்கிரம் முறிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா ஓடி வர்றவங்க அவங்கதான். நீங்க ஊருக்குப் போனா சாவி கொடுத்துட்டுப் போறது அவங்ககிட்டதான். மாசம் 92 ரூபாய்க்கு அதைப் பணயம் வைக்கிறது, எந்த ஆடிட்டர் கணக்குப் போட்டாலும் நஷ்டம்தான்.

நிஜமாவே இதைத் தொழிலா பண்ண ஆசைப்பட்டா, தொழிலாவே பண்ணுங்க. கனமான உபயோகத்துக்குன்னு தயாரிச்ச மெஷினா வாங்குங்க, எழுதின ஒப்பந்தம், டெபாசிட், ரசீது எல்லாம் வைங்க, உங்க அபார்ட்மென்டுக்கு வெளியே வாடிக்கையாளர் தேடுங்க. அது நியாயமான தொழில். பரண்ல கிடக்கிற ஒரு ட்ரில்லை வச்சுக்கிட்டு அதைப் பண்ண முடியாது.

சேர்ந்து வாங்கினா கணக்கே வேற

நம்ம கிராமங்கள்ல ஊர்ப் பொதுப் பாத்திரம்னு ஒண்ணு உண்டு. ஊர்க்காரங்க சேர்ந்து வாங்கின அண்டா, குண்டா, ஜமுக்காளம் எல்லாம் கோயில்லயோ சாவடியிலயோ இருக்கும். யார் வீட்டுல விசேஷமோ அவங்க எடுத்துக்கிட்டு, கழுவித் துடைச்சுத் திருப்பி வைப்பாங்க. பெர்க்லி நூலகம் பண்றதும் கிட்டத்தட்ட இதேதான். அபார்ட்மென்டுக்கு வந்ததும் இதை மட்டும் ஏனோ மறந்துட்டோம்.

60 வீடு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட். பொதுவில இதெல்லாம் வாங்குறாங்கன்னு வச்சுக்கங்க. விலை எல்லாம் உத்தேசமானது, பிராண்டைப் பொறுத்து முன்ன பின்ன இருக்கும்.

- ட்ரில்லிங் மெஷின் 2: 6,000
- அலுமினிய ஏணி: 6,000
- பிரஷர் வாஷர்: 8,000
- வாக்யூம் கிளீனர்: 7,000
- ஆர்சிசிபி வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: 2,000
- ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் செட்: 3,000
- மொத்தம்: 32,000 ரூபாய்

வீட்டுக்கு எவ்வளவு? 533 ரூபாய்.

நீங்க தனியா ஒரு ட்ரில்லும் ஒரு வாக்யூம் கிளீனரும் மட்டும் வாங்கியிருந்தாலே 10,000 ரூபாய். மிச்சம் 9,467. மேல சொன்ன மாதிரி ட்ரில்லை வாடகைக்கு விட்டு இதே 9,467 ரூபாயைச் சம்பாதிக்க எட்டரை வருஷத்துக்கு மேல ஆகும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. மிச்சம் பிடிச்ச பணத்துக்கு வரி கிடையாது. 30% ஸ்லாப்புல இருக்கிறவர் 9,467 ரூபாயைக் கையில பார்க்கணும்னா கிட்டத்தட்ட 13,760 ரூபாய் சம்பாதிக்கணும். அதனாலதான் எப்பவும் சொல்றேன், சம்பாதிச்ச ரூபாயை விட மிச்சம் பிடிச்ச ரூபாய் கொஞ்சம் பெரிசு.

இந்த லிஸ்ட்ல நான் கட்டாயம் சேர்க்கச் சொல்றது வாக்கர், வீல்சேர், கமோட் சேர். எத்தனை வீட்டுப் பரண்ல இதெல்லாம் தூங்குது தெரியுமா? தாத்தாவுக்கு இடுப்பு ஆபரேஷன்னு வாங்கினது, அவர் போன பிறகு விற்கவும் மனசில்லாம, தூக்கிப் போடவும் மனசில்லாம கிடக்கும். அதைப் பொதுவில கொடுத்துடுங்க. ஒரு குடும்பத்துக்கு அது மூணு மாசத் தேவை, அந்த மூணு மாசத்துல அவங்களுக்கு ஏற்கனவே ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தைப் பிடிச்சிருக்கும். நெபுலைசர் மாதிரி மூச்சுக்காத்து சம்பந்தப்பட்டதை மட்டும் பொதுவில வைக்காதீங்க.

"பொதுன்னா யாரும் பார்த்துக்க மாட்டாங்களே?"

இந்தப் பயம் நியாயமானது. மோட்டார் ரூம் சாவியே எங்கே இருக்குன்னு தெரியாத சங்கங்கள் இருக்கு. அதனால ஆரம்பிக்கும்போதே விதி போட்டுடுங்க.

1. பொதுக்குழுவுல தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதுங்க. எது பொதுச் சொத்து, எவ்வளவு பணம், யார் பொறுப்புன்னு அதுல இருக்கணும்.
2. வீட்டுக்கு வருஷம் 100 ரூபாய் பராமரிப்பு. 60 வீட்டுக்கு 6,000. ரிப்பேருக்கும் அடுத்த மெஷினுக்கும் இதுவே போதும். ஒவ்வொரு தடவைக்கும் வாடகை வேண்டாம்.
3. ஒரு நோட்டு போடுங்க. எடுத்த தேதி, வீட்டு நம்பர், கையெழுத்து, திருப்பின தேதி. எடுக்கும்போது ஒரு போட்டோ, வைக்கும்போது ஒரு போட்டோ.
4. 48 மணி நேரத்துக்குள்ள திருப்பணும். வீல்சேர், வாக்கருக்கு மட்டும் மூணு மாசம்.
5. தேய்மானம் பொதுச் செலவு, தப்பா உபயோகிச்சு உடைச்சா எடுத்தவர் செலவு. எது எதுன்னு ரெண்டு உறுப்பினர்கள் சேர்ந்து சொல்லட்டும்.
6. எலக்ட்ரிக் பொருளை 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி வச்ச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லதான் போடணும். வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியனை வச்சு எல்லாத்தையும் செக் பண்ணுங்க, ரசீதை ஃபைல்ல வைங்க. ஏணியையும் அப்படியே.
7. வாட்ச்மேன் அண்ணன் தலையில இதைக் கட்டாதீங்க. ஒரு மெஷின் காணாமப் போனா முதல் சந்தேகம் அவர்மேல விழும், அவர் சம்பளத்துல பிடிப்பீங்க. பொறுப்பு உறுப்பினர்கிட்டதான் இருக்கணும்.

உங்க சங்கம் ஏற்கனவே ஜிஎஸ்டி பதிவுல இருந்தா, இந்த 100 ரூபாயை எந்தத் தலைப்புல வாங்குறதுன்னு சங்கத்து ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

தனி வீட்டுல இருக்கிறவங்களுக்கு

சங்கம் இல்லாட்டியும் பரவாயில்லை. உங்க தெருவுல நாலு வீடு போதும். ஒருத்தர் ஏணி, ஒருத்தர் ட்ரில், ஒருத்தர் வாக்யூம் கிளீனர், ஒருத்தர் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆகுற பெரிய சூட்கேஸ். ஆளுக்கு ஒண்ணு வாங்கி, நாலு பேரும் மாத்தி மாத்தி எடுத்துக்கங்க. காசு கை மாற வேண்டாம். கொடுக்கும்போது உங்களுக்குத் தெரிஞ்ச குறையைச் சொல்லிக் கொடுங்க: "சுவிட்ச் கொஞ்சம் ஒட்டும், பார்த்துக்கங்க." அந்த ஒரு வரி சட்டப்படியும் உங்களைக் காப்பாத்தும்.

புதுசா எதையாவது வாங்குறதுக்கு முன்னாடி, "இதை வருஷத்துக்கு எத்தனை தடவை எடுப்பேன்?"னு மட்டும் கேட்டுக்கங்க. பத்துக்குக் கீழேன்னா, முதல்ல அக்கம்பக்கத்துல விசாரிங்க.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துல இதை ஒரு அஜெண்டாவா வைச்சுப் பாருங்க. உங்க அபார்ட்மென்ட்லயோ தெருவுலயோ ஏற்கனவே இப்படி ஒரு ஏற்பாடு நடக்குதுன்னா, என்ன விதி வச்சிருக்கீங்க, எங்கே சண்டை வந்துச்சு, எப்படித் தீர்த்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. நல்லதா இருக்கிறதைச் சேனல்ல எல்லாருக்கும் சொல்லுவோம்.